துடைப்பத்துக்கு விழுந்த பதினேழு

யார் எப்போது சாவார்கள் என்று காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. அதனால் பகடையைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் எனக்குக் கை பரபரக்கும். எங்கள் விளையாட்டுக் கூட்டத்தில் என் பெயரே ‘கணக்கு’ என்றாகிவிட்டது. பாராட்டு என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பல் டாக்டருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறையில் கூடுவோம். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு வாயாலேயே ஒரு சாகசக் கதை ஆடுவோம்; அதை நடத்துவது டாக்டர். நான் பூசாரி, மச்சான் பாணன், என் மனைவி திருடி. ஏதாவது ஆபத்தான காரியம் என்றால் டாக்டர் ஓர் எண் சொல்வார். இருபது முகப் பகடையை உருட்டி அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைத்தோம்.

மனைவி நர்ஸ். அவள் ஷிஃப்டுக்கும் என் ஆபீஸுக்கும் ஏழாம் பொருத்தம். வாரத்தில் நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் உட்காருவது அந்த மத்தியானம் மட்டும்தான். அவளோ, “இந்தத் திருடி செத்தா நான் வேற ஆள் உருவாக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை நிம்மதியா தூங்குவேன்” என்று அறிவித்திருந்தாள். சொன்னால் செய்பவள். எனக்கு உள்ளூர பயம்தான்.

அன்று எங்களுக்குப் புது வரங்கள் கிடைத்தன. என் வரம்: யாருக்காகவாவது, வாரத்துக்கு ஒரே ஒரு முறை, உருட்டும் முன்பே சொல்லிவிட்டு, இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். மச்சான் வரம்: யாருக்காவது எண் விழுந்த பிறகு, ஒரு குட்டி நான்கு முகப் பகடையை உருட்டி அதோடு கூட்டலாம். அதுவும் ஒரு முறைதான்.

“போயும் போயும் இதையா எடுத்தே?” என்றேன்.

“பாக்க அழகா இருந்துச்சு மாமா.” மச்சான் விளம்பரங்களுக்கு வசனம் எழுதுகிறவன்.

விடுவேனா? “பதினொண்ணு வேணும்னு வெச்சுக்கோ. சும்மா உருட்டினா பாதிக்குப் பாதி. என் வரம் இருந்தா எழுபத்தஞ்சு சதவீதம். உன்னோடது அறுபத்திரண்டரை.”

“ஆனா எனக்கு விழுந்ததைப் பாத்துட்டு, தேவைப்பட்டா மட்டும் போட்டா போதுமே?”

“அது உணர்ச்சிடா. கணக்கு இல்ல.”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. கதையில் அப்போது ஒரு கதவு வந்தது.

“சாத்தித்தான் இருக்கு. தள்ளினா தெறந்துக்கும்” என்றார் டாக்டர்.

“வேணாம் டாக்டர், நான் உருட்டறேன். என் வரத்தோட.”

“கணக்கு, அதுக்கு அவசியமே இல்ல.”

“நிரூபிக்கணும்.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, “சரி, பதினொண்ணு” என்றார். உருட்டினேன். ஒன்றில் நாலு, இன்னொன்றில் பதினேழு. “பாத்தியா!” என்று நான் மேஜையைத் தட்டியதில் அதன் மேல் காட்சிக்கு இருந்த பிளாஸ்டிக் பல்செட் கீழே விழுந்தது. ஒரே ஒரு சம்பவத்தை வைத்து முடிவு கட்டாதே என்று ஆபீஸில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன்! கதவுக்குப் பின்னால் ஒரு துடைப்பம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கயிற்றுப் பாலம் வந்தது. நடுவழியில் கயிறு அறுந்து, திருடி ஒற்றைக் கையில் தொங்கினாள்.

“பதினஞ்சு வேணும். தவறினா அவ்வளவுதான்.” டாக்டர் குரலிலேயே வருத்தம் இருந்தது.

மனைவி என் பக்கம் கையை நீட்டினாள். “உங்க இன்னொரு பகடையைக் குடுங்க.”

நான் கீழே விழுந்த பல்செட்டைத் தேடுவதுபோல் குனிந்தேன். டாக்டர்தான் சொன்னார்: “அதை அவர் தொடப்பத்துக்குப் போட்டுட்டாரேம்மா.”

நீட்டிய கையை அவள் மடக்கிக்கொண்ட விதம் இருக்கிறதே, பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போயிருப்பேன். ஒற்றைப் பகடையை உருட்டினாள். பதிமூன்று.

காலி ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் என் கண்முன் வந்துபோயின. அதற்குள் மச்சான் தன் குட்டிப் பகடையை உருட்டிவிட்டான். மூன்று. ஆக மொத்தம் பதினாறு. திருடி மேலே ஏறி வந்தாள்.

“உணர்ச்சிதான் மாமா” என்றான் மச்சான்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் இரண்டடி முன்னாலேயே போனாள். சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு நானே ஆரம்பித்தேன். “பதினஞ்சுக்குக்கூட என்னோடதுதான் மேல். அது மட்டும் இருந்திருந்தா ஐம்பத்தோரு சதவீதம். உன் தம்பியோடது நாப்பத்திரண்டரைதான்.”

“இருந்திருந்தா” என்றாள். தெரு முனையில் அவளே கேட்டாள்: “அடுத்த வாரம் அதை எனக்குன்னு வெச்சிருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு?”

வேறு எந்தப் புருஷனும் நூறு என்று சொல்லித் தப்பித்திருப்பான். ஆனால் என் தொழிலில் நூறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“தொண்ணூத்தெட்டு” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மிச்சம் ரெண்டு எந்தத் தொடப்பத்துக்கு?”