இரவல் போகாத அலமாரி

ஐந்து வருடம் யாரும் இரவல் எடுக்காத புத்தகத்தைக் கழித்துவிட வேண்டும் என்பது எங்கள் நூலகத்து விதி. கணினி பட்டியல் தரும். கயிறு போட்டுக் கட்டி அனுப்புவது என் வேலை. இந்த முறை நாட்டு வரலாறு, அரசியல், பண்பாடு என்று ஓர் அலமாரியே முழுசாகப் பட்டியலில் வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். அந்தத் தடித்தடிப் புத்தகங்களைத் தூக்கித் தூசி தட்டியே என் இடுப்பு போய்விட்டது.

நூலகர் என் அண்ணி. வீட்டிலும் அவர் பேச்சுதான், வேலையிலும் அவர் பேச்சுதான், என் தலையெழுத்து. பாதி அலமாரியைக் கட்டி முடித்தபோது ஒரு புத்தகத்தைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன சீல் தம்பி?"

"வெளியே தரக்கூடாதுன்னு."

"குத்தினது யாரு?"

"நான்தான். மேலிடத்து உத்தரவு."

"வெளிய குடுக்கக் கூடாதுன்னு நீயே குத்திட்டு, வெளிய போகலன்னு நீயே கழிக்கிறியா?"

அசடு வழிந்தேன். ஆனாலும் விடவில்லை. "யாராவது படிச்சாங்கங்கிறதுக்கு அத்தாட்சி வேணுமே அண்ணி?"

இழுப்பறையிலிருந்து நான்கு நோட்டுகளை எடுத்து வைத்தார். படித்ததை மேசையிலேயே விட்டுப்போங்கள் என்று வாசகர்களிடம் அவர் ஏன் சொல்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. மேசையில் கிடந்ததை எல்லாம் ஏழு வருடமாகத் தினமும் எழுதிவைத்திருக்கிறார். காய்ச்சலோடு வந்த நாட்களில் கையெழுத்து கோணலாக இருந்தது, ஆனால் ஒரு நாளும் விடுபடவில்லை. இந்த மனுஷியைப் போய் நான் தொணதொணப்பு என்று நினைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

நோட்டுகளின்படி அதிகம் படிக்கப்பட்டவை பள்ளி வரலாற்றுப் பாடநூலின் மூன்று பழைய பதிப்புகள். அவற்றைத் தேடி அன்றும் ஒரு டாக்சி ஓட்டுநர் வந்து, கட்டுகளைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"மூணும் ஒரே புத்தகம்தானே சார்?" என்றேன்.

"துறைமுக வேலைநிறுத்தத்துல எங்க தாத்தாவைச் சுட்டாங்க. முதல் புத்தகத்துல வேலைநிறுத்தம் செஞ்சவங்க கலகக்காரங்க. ரெண்டாவதுல அந்த வேலைநிறுத்தமே இல்ல. மூணாவதுல தியாகிங்க. என் பொண்ணுக்கு இந்த வருஷம் புதுப் புத்தகம் வந்திருக்கு, அதுல மறுபடியும் இல்ல. இங்கயும் இல்லன்னா நான் அவளுக்கு எதைக் காட்டுவேன்?"

கட்டைப் பிரித்து மூன்றையும் அவர் கையில் கொடுத்தேன். பட்டியலில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், 'கழிக்க மாட்டேன்' என்று எழுதினேன். இருபது வருட வேலையில் மேலிடத்துக்கு மாட்டேன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.