தொண்ணூற்றாறு மார்க் வாங்கிய குடி

சங்கரன்கோவில் கிறிஸ்தவச் சபையாருக்கு எந்தச் சங்கடம் வந்தாலும் ஒரே மருந்துதான்: பரீட்சை. மழை பொய்த்தால் வேதப் பரீட்சை, காலரா வந்தால் சுகாதாரப் பரீட்சை. எழுபத்தாறாம் வருஷம், மதுவிலக்குக்குப் பயந்த கணக்கு வாத்தியார் ஞானஒளிவு, சாராயத்தில் ஊறிய இஞ்சி மருந்தான மருந்துக்கடை ஜிஞ்சர் டிஞ்சரைப் பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்துக்கொண்டு வகுப்புக்குப் போய் ஏழும் எட்டும் இருபது என்றார். உடனே, சபையின் பரீட்சைகளை நடத்தும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேவசுந்தரம், குடிநோயை அறிய உகந்த நூல்கள் என்று பதினொரு புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டார்.

வாத்தியார் மனைவி தேவமணிக்கு வேண்டியது பட்டியல் அல்ல. ஈரல் வீங்கிவிட்டது, திங்கட்கிழமை வந்தால் ஆஸ்பத்திரியில் கட்டில் உண்டு, பிந்தினால் ஆளே மிஞ்சமாட்டார் என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீங்க சொன்னாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாரு, சார்வாள்" என்று தேவசுந்தரத்திடம் போய் நின்றாள்.

"நோயத் தெரியாம வைத்தியமாம்மா? மொதல்ல படிக்கட்டும். ஞாயித்துக்கெழம பரீட்சை. பாஸாயிட்டா ஆஸ்பத்திரி எதுக்கு?"

ஞானஒளிவு படித்தார். ஈரல் அத்தியாயத்துக்கு ஒரு பாட்டில், நரம்புத்தளர்ச்சிக்கு இரண்டு. ஐந்தாவது, தேவசுந்தரம் இரவல் தந்தது, சீமையில் அச்சான புத்தகம்; பதினாறாம் பக்கத்துக்கு மேல், அச்சகத்தில் மடித்த தாள்களின் மடிப்பே இன்னும் வெட்டித் திறக்கப்படவில்லை. சவர பிளேடால் அவர்தான் கீறித் திறந்தார். முப்பது வருஷமாக அந்தப் புத்தகத்தை மேடைக்கு மேடை மேற்கோள் காட்டிவந்தவர் தேவசுந்தரம். கீறிய பக்கத்தைத் தேவமணியும் எட்டிப் படித்தாள். இங்கிலீஷ் படித்தவள்தான்.

பரீட்சையில் தொண்ணூற்றாறு மார்க்! சபையார் தட்டிய கையில் கோபுரத்துப் புறாக்கள் கரிவலம்வந்தநல்லூர் போய்த்தான் இறங்கின. தேவசுந்தரம் மாலையை மாணவனுக்குப் போட்டார். கழற்றித் தமக்கும் போட்டுக்கொண்டார்.

"வாத்தியார் குணமாயிட்டாரு!"

தேவமணி எழுந்தாள். "ஏங்க, கடைசியா எப்பக் குடிச்சிய?"

"பரீட்சைக்குக் கெளம்பும்போது. கை நடுங்குனா எழுத்து நல்லாருக்காதுல்லா?"

சபை இருமியது.

"அஞ்சாம் புத்தகம், இருவத்திரெண்டாம் பக்கம். என்ன போட்டிருக்கு?"

வாத்தியார் முகம் மலர்ந்தது. தமிழாக்கியே ஒப்பித்தார்: "தானாக நிறுத்திவிடுவேன் என்று நோயாளி சொல்வதும் நோயே. தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்க."

"சரியா, சார்வாள்?"

பதினாறாம் பக்கத்தைத் தாண்டாத தேவசுந்தரம் கழுத்து மாலையைச் சரிசெய்தார். "சரி... சரிதாம்மா. அதே வரிதான்."

"அப்ப நாளைக்குக் காலைல ஆறு மணி பஸ்."

"ஏட்டி, அது படிப்புக்குச் சொன்னது..." என்று இழுத்தார் வாத்தியார்.

"அப்பத் தப்புன்னு சொல்லுங்க. மார்க்கக் கொறைக்கச் சொல்லுதேன்."

ஞானஒளிவு மாலையைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். உயிர் போனாலும் போகட்டும், மார்க் போகலாமா?

"எந்த பஸ்ஸுன்ன?"

மறுநாள் பஸ் நகரும்போது தேவசுந்தரம் மூச்சிரைக்க ஓடிவந்து பன்னிரண்டாவது புத்தகம் ஒன்றை ஜன்னலுக்குள் நீட்டினார். தேவமணி ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். வெட்டாத தாள்.

"நீங்களே வச்சுப் படிங்க, சார்வாள். திரும்பி வந்து நான் கேள்வி கேக்குதேன்."