கோடு அடித்த ஒன்பது

லாவெல் வம்சத்தார் கூடும் நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் ஃபின்டன் லாவெல் பதாகையை அச்சடித்தே விட்டார். முப்பது வருடம் வீடு விற்ற தரகர் அவர். ஒழுகும் கூரையை ‘இயற்கையோடு இணைந்த அறை’ என்று விற்ற நாக்கு, செத்துப்போன பூட்டியை மட்டும் விடுமா? அயர்லாந்தின் மேயோ மாவட்டத்து ஈரக் காட்டில் கஞ்சி குடித்துக் கிடந்த சபீனா பூட்டி, பதாகையில் ‘ஐந்து கட்டடங்களின் உரிமையாளர், கல்வியரசி’ ஆகியிருந்தாள். அவளிடமிருந்து தங்க நிறத்தில், பிள்ளைக்கு ஒன்றாக எட்டுக் கிளைகள் பிரிந்தன.

“எட்டுதானா? நல்லாப் பாத்தியா?” என்று கேட்டாள் அவருடைய சித்தப்பா மகள் டிம்ப்னா.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வேலியோரத்தில் பேர் வெட்டாத ஒரு கல்லைக் காட்டி, “அது என் சித்தப்பன்” என்று அவளுடைய அப்பா ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார்; அப்படியானால் அதுவும் சபீனாவின் பிள்ளை. அதற்கு மேல் யாரும் எதுவும் சொன்னதில்லை. டிம்ப்னாவுக்கும் ஒரு பையன் பிறந்தான். 1979-இல், இரண்டு மணி நேரம் இருந்தான். “எங்களுக்குக் குழந்தை இல்லை” என்று அவள் கணவன் சாகும்வரை ஊருக்குச் சொன்னான், அவளும் சொன்னாள். சபீனாவும் அப்படித்தான் சொன்னாளா என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டும்.

அடுப்படி மேசையில் மடிக்கணினி திறந்தது. ஃபின்டன் மூன்றாவது துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

“1901 ஜனத்தொகைக் கணக்குல சபீனாவுக்கு ஐம்பது வயசு. 1911-ல எழுபது!” டிம்ப்னா சிரித்தாள். “பத்து வருஷத்துல இருபது வயசு ஏறியிருக்கா.”

“நடுவுல சர்க்கார் பென்ஷன் வந்துச்சுல்ல? எழுபது ஆனாத்தான் கிடைக்கும். மாவட்டமே திடீர்னு கிழடாயிடுச்சு.”

“உன் கல்வியரசி ‘படிக்கத் தெரியாது’ன்னு போட்டிருக்கு.”

“வாய்மொழிக் கல்வி.”

“ஐந்து கட்டடம் எங்கடா? மாட்டுத் தொழுவம், பன்றிக் கொட்டில், கோழிக் கூண்டு...”

“கட்டடம் கட்டடம்தானே!”

பிள்ளைகளின் எண்ணிக்கைக் கட்டம் தட்டச்சுப் பட்டியலில் காலியாக இருந்தது. டிம்ப்னா விடவில்லை. ‘மூலத் தாளின் படம்’ என்ற இடத்தை அழுத்தினாள். பழுப்புத் தாள் மெதுவாக விரிந்தது. சபீனா கைம்பெண், கணவன் உயிரோடு உள்ள பெண்கள் மட்டும் பிள்ளைக் கணக்குச் சொன்னால் போதும் என்பது சர்க்கார் விதி. வீடு வீடாகக் கணக்கு எழுத வந்த போலீஸ்காரன் பிறகுதான் விதியை நினைத்திருக்கிறான். எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்திருக்கிறான். கோட்டுக்கு அடியில் எண்கள் தெளிவாக இருந்தன. உயிரோடு பிறந்தவை 9. இருப்பவை 8.

“ஒன்பது,” என்றாள் டிம்ப்னா. திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

ஃபின்டன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “கோடு அடிச்சிருக்கே. அடிச்சது செல்லாது.”

“அடிச்சது போலீஸ்காரன். சொன்னது அவ. யாரும் கேக்க வேண்டாத கேள்விக்குச் சொல்லியிருக்கா.”

“டிம்ப்னா, பதாகை அச்சாயிடுச்சு. எட்டுக் கிளையும் சமமா, அழகா நிக்குது. ஏதோ ஒரு மணி நேரம் இருந்த குழந்தைக்காக...”

“ரெண்டு மணி நேரம்.”

“தாள்ல அது எங்க இருக்கு?”

ஃபின்டன் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று, காரை ஓட்டி வந்தவர் அவர்தான். வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

“பேரு வச்சீங்களா?” என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நர்ஸ் அவசர ஞானஸ்நானமாகத் தண்ணீர் தொட்டு வைத்த பேர் அது. வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லாததால் முதலில் காற்றுதான் வந்தது.

“கிலியன்,” என்றாள். வெளியே விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல், சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.