ரெண்டாவது கையெழுத்து

நல்லம்மாளுக்கு பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. பதினெட்டு வருசமா அதே மேசைதான். பீஸு கைக்கு வந்தா நேராப் பாக்க மாட்டா, உள்பக்கம் திருப்பித்தான் பாப்பா. வெளிய அம்சமா இருக்கறது உள்ள தையல் விட்டிருக்கும்னு அவளுக்குத் தெரியும். மனுசங்களையும் அதே மாதிரி திருப்பித் திருப்பிப் பாப்பா. அதனால அவ குடியிருக்கற மண்ணரையில பாதிப் பேருக்கு அவளக் கண்டா ஆகாது.

மக கவிப்பிரியாவுக்கு முப்பது ஆகப்போகுது. செவ்வாய் தோசம். வந்த வரனெல்லாம் ஜாதகத்தோட திரும்பிப் போயிருச்சு. கடைசியா தரகர் சுப்பண்ணன் ஒண்ணு கொண்டாந்தாரு. பையன் பேரு தமிழ்செல்வன். அருள்புரத்துல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். நல்ல சம்பளம், பீடி சிகரெட்டு கெடையாது. ஒரே ஒரு சங்கதி, அவனுக்கு முன்னாடியே ஒரு கல்யாணம் ஆகி அத்துப்போச்சு.

"கோர்ட்டுலயே தீத்தாச்சுங்க. இந்தாங்க பேப்பரு"ன்னு சுப்பண்ணன் ஒரு ஜெராக்ஸக் குடுத்தாரு. ரெண்டு பக்கம். மொதப் பக்கத்துல பேரும் கேசு நம்பரும். கடைசிப் பக்கத்துல ரெண்டு கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை. எல்லாம் இங்கிலீசு.

"நடுவால பக்கமெல்லாம் எங்கீங்க?"

"அது கெடக்குதுங்க பீரோவுல. முத்திரை இருக்குதல்லோ, வேறென்ன வேணும்?"

கவிப்பிரியா வாங்கிப் படிச்சுப் பாத்தா. "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுப் பிரியறதா இருக்குதும்மா. வருசம் 2004. மூணு வருசம் ஆச்சு. உனக்கு எதுலதான் சந்தேகமில்ல?"ன்னு போய்ட்டா. பையன் அவ மனசுக்குப் புடிச்சுப்போச்சு, அது நல்லம்மாளுக்குத் தெரிஞ்சுது. அதுதான் பயமே.

ஏன்னா அவ கூடப்பொறந்த தங்கச்சி வேலாத்தாள் இப்படித்தான் ஏமாந்தா. புருசன் மொதச் சம்சாரத்த அத்துவிட்டாச்சுன்னு சொல்லித்தான் கட்டுனான். அவன் செத்த பதினாறாம் நாளு, மொதக்காரி ரெண்டு பசங்களோட வந்து நின்னா. ஆபீசுல, ஊட்டுல, ரேசன் கார்டுல எங்கயும் வேலாத்தாளுக்கு எடமில்லாமப் போச்சு. "நீ யாரும்மா?"ன்னு அவன் ஆபீசுல பெரிய ஆபீசர் கேட்டது நல்லம்மாள் காதுல இன்னும் கேக்குது. என்ற புள்ளய ஒருத்தன் அப்படிக் கேக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அடுத்த நாளே பர்மிசன் போட்டுட்டு திருப்பூர் கோர்ட்டுக்குப் போனா. அங்க வக்கீல் குமாஸ்தா சீனிச்சாமின்னு ஒருத்தரு, வேப்பமரத்தடியில டைப்பு மெசினப் போட்டு உக்காந்திருந்தாரு. ஜெராக்ஸ வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு.

"இதுல உங்களுக்கு என்ன வேணும்?"

"இது நெசமான்னு தெரியோணுங்க."

"டிக்ரி, அதான் தீர்ப்பு, அதுக்கு நகல் மனு போட்டுப் பாக்கலாம். ஆனா நீங்க கேசுல இல்லாத ஆளு. சும்மா குடுக்க மாட்டாங்க. எதுக்கு வேணும்னு சத்தியவாக்குமூலம் போடோணும்."

"சந்தேகம்னு எழுதிக்குங்க."

சீனிச்சாமி கண்ணாடிய எறக்கிப் பாத்தாரு. "ஏனுங்க, சந்தேகத்துக்கெல்லாம் நகல் குடுத்தா திருப்பூரே இங்க வந்து வரிசையில நிக்கும். மகளுக்கு வரன் பாக்கறதுக்குன்னு போடலாம். அப்பறம் ஒண்ணு. நகல் கேட்டவங்க பேரெல்லாம் அந்த போர்டுல லிஸ்டா ஒட்டுவாங்க. நம்பரு, பேரு எல்லாம் இருக்கும். பரவால்லீங்களா?"

நல்லம்மாள் அந்த போர்டத் திரும்பிப் பாத்தா. மாப்ள ஊட்டுக்காரங்க யாராவது அந்தப் பக்கம் போனா முடிஞ்சுது. பொண்ணுக்காரி நம்பாம கோர்ட்டேறினாள்னு அருள்புரம் பூராப் பேசுவாங்க. வந்த ஒரு வரனும் போயிரும். கவிப்பிரியா அவ மொகத்துலயே முழிக்க மாட்டா. அப்படியும், "போடுங்க"ன்னு கையெழுத்துப் போட்டுட்டா.

ரெண்டு வாரம் ஓடுச்சு. நடுவுல மாப்ளயோட அம்மா சின்னாத்தாள் போன் பண்ணி, "சேலை எடுக்க எப்பப் போலாமுங்க சம்பந்தி?"ன்னு கேட்டாங்க. கம்பெனியில லீவு இல்லீங்கன்னு நல்லம்மாள் தள்ளித் தள்ளிப் போட்டா. வெள்ளிக்கிழமை லிஸ்டு ஒட்டியிருக்குதுன்னு சீனிச்சாமி சொல்லியுட்டாரு. முந்தானையத் தலைக்குப் போட்டுக்கிட்டு போர்டுகிட்டப் போனா.

அவ பேரு இருந்துச்சு. அதுக்கு மேல அதே கேசு நம்பரு இன்னொருக்கா இருந்துச்சு. எதுத்தாப்புல வேற பேரு. அனுசுயா.

ஜெராக்ஸுல இருந்த அதே பேரு. மொதச் சம்சாரம்.

மூணு வருசம் கழிச்சு இவளுக்கு எதுக்கு இப்ப நகலு? கேச மறுபடியும் எழுப்பப் போறாளா? இல்ல, ரெண்டு பேரும் மறுபடி சேரப் போறாங்களா? அதத்தான் அந்த ஊட்டுக்காரங்க நம்மகிட்ட மறைக்கறாங்களா? நல்லம்மாள் நேரா சீனிச்சாமிகிட்டப் போய்க் கேட்டா.

"அந்தப் புள்ள இன்னிக்கு வரும்னு சொன்னாங்க. அதா, அங்க நிக்குது பாருங்க"ன்னு சீனிச்சாமி கை காட்டுனாரு.

நகல் குடுக்கற கவுண்டருக்குப் பக்கத்துல இருவத்தெட்டு வயசுப் பொண்ணு. இடுப்புல ஒரு பெண்கொழந்தை. சுடிதார்ல நூல் பிசிறு ஒட்டியிருந்துச்சு, அவளும் தையல் கம்பெனிதான். நல்லம்மாள் பக்கத்துல போய் நின்னா.

"நீதான் அனுசுயாவா, அம்முணி?"

அந்தப் பொண்ணு கொழந்தைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. "நீங்க யாரு? அவுக அம்மா அனுப்பிவிட்டாகளா?"

"என்னைய யாரும் அனுப்பல. நீ எதுக்கு இந்தக் கேசத் தோண்டறே?"

"அத நான் கேக்கணும்மா. நல்லம்மாள்ங்குறது நீங்கதானா? என் பேரு போட்ட கேசுல ஒங்க பேரு எப்படி வந்துச்சு? காலையில லிஸ்டுல பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல."

"என்ற மகளத்தான் அந்தத் தமிழ்செல்வனுக்குப் பேசியிருக்கறோம்."

அனுசுயா கொழந்தைய அடுத்த இடுப்புக்கு மாத்துனா. அப்பறம் மெல்லச் சொன்னா. "எனக்கும் கல்யாணம் ஆயிருச்சும்மா. ரெண்டு வருசம் ஆகுது. காங்கயம் ரோட்டுல லைன் வீட்டுல இருக்கோம். இவரு பேரு முனீஸு. இவர வெளிநாட்டுக் கம்பெனியில டெய்லரு வேலைக்கு எடுத்திருக்காக. பாஸ்போர்ட்டுல என் பேரச் சேக்கப் போனா, மொதக் கல்யாணம் முறிஞ்ச கோர்ட்டுப் பேப்பரு கேக்குறாக. அதான் வந்தேன். நானா எதையும் தோண்டலம்மா."

நல்லம்மாள் அவ மொகத்த உத்துப் பாத்தா. தையல் விட்ட மாதிரி ஒண்ணும் தெரியல.

அதுக்குள்ள கவுண்டர்ல நம்பரக் கூப்புட்டாங்க. நகலு கேட்டுப் போட்ட ரெண்டு பேரு மனுவும் ஒண்ணா வந்துச்சு. நகலு வரல, மனுவே திரும்பி வந்துச்சு. பின்னால செவப்பு மையில ரெண்டு வரி. சீனிச்சாமி வாங்கிப் படிச்சாரு. ஒருக்கா படிச்சுட்டு மறுபடியும் படிச்சாரு.

"டிக்ரி இல்லீங்க."

"காணாமப் போச்சுங்களா?"

"காணாமப் போறதுக்கு அப்படி ஒண்ணு இருக்கோணுமல்லோ? ஆறு மாசம் கழிச்சு வாய்தா. ரெண்டு தரப்பும் ஆஜராகல. விவாகரத்து மனு தள்ளுபடி. இந்தக் கேசுல விவாகரத்தே ஆகலீங்க. நீங்க வெச்சிருக்கற ஜெராக்ஸு தீர்ப்பில்ல. இவங்க போட்ட மனு. மனுவுக்குந்தான் முத்திரை குத்துவாங்க."

அனுசுயா அப்படியே சுவத்தோரமா உக்காந்துட்டா. கொழந்தை அவ துப்பட்டாவப் புடிச்சு வாயில வெச்சுக்கிச்சு.

"கையெழுத்துப் போட்டமே சார். ரெண்டு பேரும் இங்கதான் போட்டோம்."

"போட்டது மொதக் கையெழுத்து அம்முணி. ஒத்துக்கிட்டுப் பிரியறவங்களுக்கு ஆறு மாசம் யோசிக்க விடுவாங்க. அப்பறம் மறுபடி வந்து, இப்பவும் பிரியத்தான் போறோம்னு ஜட்ஜுகிட்டச் சொல்லோணும். வக்கீலு சொல்லலியா?"

"ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு சொன்னாரு. பேப்பரு வாங்கத்தான் கூப்புடுறாருன்னு நெனச்சேன். ஷிப்மெண்டு நேரம், லீவு குடுக்கல. அவரு வாங்கிக்கிருவாருன்னு விட்டுட்டேன். தாலியக் கழட்டிக் குடுத்தாச்சு, சாமானெல்லாம் திருப்பி வாங்கியாச்சு. அதுக்கு மேல என்ன இருக்குன்னு…"

நல்லம்மாளுக்கு ஒரு பக்கம் நாம பாத்தது சரியாப் போச்சுன்னு இருந்துச்சு. அந்த ஜெராக்ஸ நம்பி அந்த ஊட்டுக்குள்ள மகள அனுப்பியிருந்தா, கவிப்பிரியாதான் இன்னொரு வேலாத்தாள். இன்னொரு பக்கம் கீழ உக்காந்திருக்கற இந்தப் புள்ள. இவளும் இப்ப அதேதான். அந்தக் கொழந்தையோட அப்பன் இவளுக்குச் சட்டப்படி யாரு?

"அழுவாத கண்ணு. மறுபடி ரெண்டு பேரும் சேந்து மனு போட்டாத் தீந்துதல்லோ?"

"போடலாமுங்க. இந்தப் புள்ளயோட ரெண்டாவது கல்யாணத்துக்கு என்ன வழின்னு வக்கீலத்தான் கேக்கோணும். அதுவரைக்கும் அந்தச் சேதி வெளிய போகாம இருக்கறது நல்லது"ன்னாரு சீனிச்சாமி.

அனுசுயா நல்லம்மாள் கையப் புடிச்சா. "அவுக அம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம்மா. தெரிஞ்சா, அடுத்தவன் பொண்டாட்டிய வெச்சிருக்கான்னு கேசு போட்டு முனீச உள்ள வெச்சிருவாக."

"என்ற வாயில வராது. ஆனா நீ ஒண்ணு சொல்லு. அவன் தெரிஞ்சே மறைச்சானா?"

அனுசுயா கண்ணத் தொடச்சுக்கிட்டு லேசாச் சிரிச்சா. "ஏமாத்துற அளவுக்கு அவருக்குச் சூது பத்தாதும்மா. பொய் சொன்னா காது செவந்துரும். மட மடன்னு மொளகாப்பழமாட்டம் ஆயிரும். நீங்களே கேட்டுப் பாருங்க."

"அப்பறம் ஏன் பிரிஞ்சீங்க?"

அவ கொழந்தைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சா. போறதுக்கு முன்னால சொன்னா. "நாங்க ஆசைப்பட்டுத்தான் கட்டுனோம். நான் வேற சாதி ஆளு. அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு டம்ளரு இருந்துச்சும்மா, பின்வாசல் மாடத்துல. வேற யாரும் தொடமாட்டாக. ஒண்ணரை வருசம் அதுலதான் குடிச்சேன். அவரு பாத்துக்கிட்டே இருந்தாரு."

ஞாயித்துக்கெழமை நல்லம்மாள் ஒண்டியா அருள்புரத்துக்குப் பஸ் ஏறுனா. சின்னாத்தாள் வாசலுக்கே வந்து கூப்புட்டாங்க. புது எவர்சில்வர் டம்ளர்ல, நொரையோட காப்பி. தமிழ்செல்வன் எதுத்தாப்புல சேர்ல உக்காந்தான். நல்லம்மாள் காப்பியத் தள்ளி வெச்சுட்டு, செவப்பு மை எழுதுன காகிதத்த எடுத்து மேசையில வெச்சா. நடந்ததச் சொன்னா, சொல்லக்கூடாதத உட்டுட்டு.

சின்னாத்தாள் கொதிச்சுட்டாங்க. "ஏனுங்க, எங்க மேல சந்தேகப்பட்டுக் கோர்ட்டுக்கே போய்ட்டீங்களா? போர்டுல எங்க பையன் கேசு நம்பரு தொங்குதா? மானம் போச்சே!"

"போனது நல்லதாப் போச்சுங்க. போகாட்டி வர்ற ஆவணியில கல்யாணம் முடிஞ்சு உங்க பையனுக்கு ரெண்டு பொண்டாட்டி."

"அந்தப் புள்ளயப் பாத்தீங்களா? ஒண்டியாத்தான் இருக்கறாளா? யாரு கூடயாவது…"

"அதெல்லாம் நான் கேக்கலீங்க"ன்னா நல்லம்மாள். நல்லவேளை, அவளுக்கு பொய் சொன்னாக் காது செவக்காது.

தமிழ்செல்வன் காகிதத்தையே பாத்துட்டு இருந்தான். "முடிஞ்சுருச்சுன்னுதானுங்க அத்தை நெனச்சேன். சாமி சத்தியமா எனக்குத் தெரியாது. அன்னிக்குன்னு பாத்து சரக்கு வாங்கற பையரு வந்திருந்தாரு, கம்பெனிய உட்டு வரமுடியல. அவ போய் வாங்கியிருப்பாள்னு…"

நல்லம்மாள் அவன் காதையே பாத்தா. மொகந்தான் வெளுத்துப் போச்சு. காது செவக்கவே இல்ல.

நெசந்தான் சொல்றான். அவளுக்கு உசுரு வந்துச்சு. எந்திரிச்சிருக்கலாம். ஆனா இத்தன வருசப் பழக்கம், உள்பக்கம் திருப்பிப் பாக்காம பீஸக் கீழ வெக்க அவளுக்கு மனசு வரல.

"அந்தப் புள்ளைக்கு இந்த ஊட்டுல தனி டம்ளராமே மாப்ள? நெசமா?"

சின்னாத்தாள் உள்ள போய்ட்டாங்க. பாத்திரம் ஒண்ணு டமார்னு உழுந்துச்சு.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தை. அவ சும்மா…"

காது மடல்ல ஆரம்பிச்சுது. மேல ஏறுச்சு. ரெண்டு காதும் செக்கச்செவேர்னு ஆயிப்போச்சு.

நல்லம்மாள் காகிதத்த மடிச்சுப் பைக்குள்ள வெச்சா. "வர்ற வெள்ளிக்கெழமை பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு வாங்க. அந்தப் புள்ளயும் வரும். மறுபடி மனு போடோணும். ஆறு மாசம் கழிச்சு ரெண்டாவது கையெழுத்து. டிக்ரி என்ற கைக்கு வந்தப்பறம் சேலை எடுக்கறதப் பத்திப் பேசலாம்"னு சொல்லிட்டு நடந்தா. காப்பி அப்படியே ஆடை கட்டிக் கெடந்துச்சு.

கேட்டுகிட்ட வரைக்கும் அவன் பின்னாலயே வந்தான். "அத்தை, நான் சொன்னது பொய்யுங்க. டம்ளரு இருந்துச்சு. அம்மாவ ஒரு வார்த்தை கேக்கல நானு."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? வெள்ளிக்கெழமை அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க"ன்னுட்டு பஸ் ஏறிட்டா.

ஊட்டுல கவிப்பிரியா துணி மடிச்சுட்டு இருந்தா. நல்லம்மாள் பக்கத்துல உக்காந்து மொதல்ல இருந்து எல்லாத்தையும் சொன்னா. கோர்ட்டுக்குப் போனது, போர்டுல பேரு வந்தது, அனுசுயா, டம்ளரு வரைக்கும். கத்துவான்னு நெனச்சா. அவ கத்தல. ஒரு சுடிதார மடிச்சு, பிரிச்சு, மறுபடி மடிச்சா.

"காது செவந்துச்சாம்மா?"

"நல்லாச் செவந்துச்சு."

"அதுக்கப்பறம் அவராவே வந்து சொன்னாரா?"

"ஆமா. கேட்டு வரைக்கும் வந்து சொன்னான்."

கவிப்பிரியா மடிச்ச சுடிதார அடுக்குல வெச்சா. "ஆறு மாசம் இருக்குதல்லோ. அந்த ஆறு மாசம் நானும் யோசிச்சுக்கறேன். வெள்ளிக்கெழமை கோர்ட்டுக்கு நானும் வர்றேன். அந்தப் பொண்ணுகிட்ட அவரு சொல்றாரான்னு நானே பாக்கோணும்."

நல்லம்மாள் மகளத் திரும்பிப் பாத்தா. அப்பறம் அவளும் ஒரு துணிய எடுத்து மடிக்க ஆரம்பிச்சா.