எழிலிக்கு என்ன அர்த்தம்

ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் அவளிடம் பெயரைக் கேட்டதும், "வேண்டா" என்றாள்.

"வேண்டாம்னா எப்பிடிம்மா? சர்க்கார் வேலை. சொல்லித்தான் ஆவணும்."

"அதாங்க பேரு. வேண்டா."

அறுபத்தொன்றாம் வருஷம் அது. வந்தவர் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார், ஒரு தடவை காகிதத்தைப் பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வேண்டாவும் சிரித்தாள். முப்பது வருஷமாகச் சிரித்துப் பழகியவள், வேறென்ன செய்வாள்?

கடலூருக்குத் தெற்கே இருந்த அந்த மீனவக் குப்பத்தில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டால் வேண்டா, இல்லையென்றால் போதும்பொண்ணு. அப்படிக் கூப்பிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்குமாம். வேண்டாவுக்குப் பின்னால் அவள் அம்மாவுக்கு இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பெயர் வைத்த காரியம் நடக்கவில்லை. பெயர் மட்டும் அவள் மேல் ஒட்டிக்கொண்டது.

இப்போது அவளுக்கே மூன்றாவது பெண். அறுபத்துமூன்று ஆவணியில் பிறந்தது.

"போதும்பொண்ணுன்னு வச்சிடலாம்" என்றான் புருஷன் சக்கரபாணி. அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஊர் வழக்கத்தைச் சொன்னான், அவ்வளவுதான். வேண்டாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"அது வாணாம், மாமா. நான் ஒரு பேரு பாத்து வச்சிருக்கேன். எழிலி."

வயிற்றில் பிள்ளையோடு சிதம்பரத்தில் கருவாடு விற்றுவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு சாயங்காலம், காலேஜ் பெண் ஒருத்தி இன்னொருத்தியை அப்படிக் கூப்பிட்டாள். அவ்வளவு கூட்டத்திலும் அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில் அவளுக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. வேண்டா ஒரு நாளும் அப்படித் திரும்பியதில்லை. மறந்துவிடக் கூடாதே என்று கடலூர் வரைக்கும் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இது எந்த ஊரு பேரு? குப்பத்துல ஒருத்திக்கும் இல்லியே" என்றான் சக்கரபாணி. புதுப் பெயர் என்று அந்த ஊருக்குத் தெரிந்தது மலர்க்கொடி ஒன்றுதான். அதுவும் அதற்குள் அஞ்சு பேருக்கு ஆகிவிட்டது. "அர்த்தம் என்ன?"

"எழில்னா அழகுன்னு மேடையில பேசறாங்கல்ல, அதான்."

"நீ சொன்னா ஆச்சா? படிச்சவங்க யாரையாவது கேட்டுக்கிட்டு வா. நல்ல அர்த்தமா இருந்தா தையில பேரு வச்சிடுவோம். இல்லன்னா நான் சொன்னதுதான்."

கார்த்திகையில் கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்தன. மீன் இல்லாத நாளில்தான் கருவாட்டுக்குக் கிராக்கி. சிதம்பரத்தில் வேண்டாவின் வாடிக்கைக்காரர்களில் ஒருவர் குணசுந்தரி டீச்சர். பெண்கள் பள்ளியில் தமிழ் எடுப்பவர். நெத்திலி என்றால் உயிர்.

"எழிலியா? யாரு சொன்னா உனக்கு?" டீச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எங்கிட்ட நூத்தியிருபது புள்ளைங்க படிக்கிறாங்க. ஒருத்திக்குக்கூட இந்தப் பேரு இல்ல. நல்ல பழைய தமிழ்ச் சொல்லு. மேகம்னு அர்த்தம். மழை மேகம்."

"அழகு இல்லீங்களா?"

"மேகந்தாம்மா. அது வந்தாத்தானே ஊருக்கே சோறு."

ஊருக்குச் சோறுதான். குப்பத்துக்கு? இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கார்த்திகையில், தெளிவாக இருந்த வானத்தை நம்பிக் கடலுக்குப் போன சாமிக்கண்ணு திரும்பவில்லை. சக்கரபாணியின் அண்ணன் அவர். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்ததைச் சக்கரபாணி கரையில் நின்று பார்த்தான். அன்றிலிருந்து வானம் கறுத்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வேண்டா பஸ் ஏறினாள். குப்பத்தில் யார் அகராதி பார்க்கப் போகிறார்கள்? அழகு என்று சொன்னால் முடிந்தது. ஆலப்பாக்கம் தாண்டும்வரை அந்தத் தைரியம் இருந்தது. அதற்கு மேல் இல்லை. என்றைக்காவது உண்மை தெரிந்தால், ஊர் சிரிக்கப் போவது பிள்ளையைப் பார்த்துத்தான். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து கூடையை இறக்கி வைத்தாள். "மேகமாம், மாமா."

சக்கரபாணி பிள்ளையை மடியில் வைத்திருந்தான். "எங்கண்ணன முழுங்குனதுடி அது" என்றான். "அத எப்பிடி வாசல்ல நின்னு நான் கூப்பிடுவேன்?"

"எனக்கும் வயிறு எரியுது, மாமா. அவுரு எனக்கும் அண்ணன் மாதிரிதான்." அவள் அவன் எதிரில் உட்கார்ந்தாள். "ஆனா மேகம் ஏறுனா தலைய தூக்கிப் பாக்காதவங்க இந்தக் குப்பத்துல உண்டா? வந்தா பயம். வரலன்னா குடிக்கத் தண்ணி இல்ல. யாராவது அத அலட்சியமா பாக்கறாங்களா? என்னெ முப்பது வருசமா கூப்பிடறாங்க. ஒவ்வொரு வாட்டியும், நீ பொறந்திருக்கவே வாணாம்னுதான் காதுல விழுது. நீ கூப்பிடறப்பவும் அப்பிடித்தான் விழுது. எம்பொண்ணப் பாத்து ஊரு பயந்தாலும் பரவால்ல. வாணாம்னு சொல்லக் கூடாது."

சக்கரபாணி நிமிர்ந்து பார்த்தான். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சோறு கேட்டு, தண்ணீர் கேட்டு வாழ்ந்தவன். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் அவன் காதில் விழுந்தது. அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

தை பிறந்ததும் பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொன்னவன் அவனேதான். முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை சரியாக வந்தது.

குப்பம் சும்மா இருக்குமா? ஒரு வருஷம் ‘எலி’ என்று கேலி செய்தது. அப்புறம் அதுவே அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டது. அறுபத்தெட்டுக்குள் இன்னும் மூன்று எழிலிகள் வந்துவிட்டார்கள். வேண்டாவுக்கு எரிச்சல்தான். எங்கேயும் இல்லாத பெயர் என்று பஸ்ஸில் சுமந்து வந்தது! இப்போது வாசலில் நின்று கூப்பிட்டால் ஒருத்தி ஓடி வருகிறாள், ஒருத்தி தவழ்ந்து வருகிறாள். பிறகுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். அந்த மூன்று பேருமே வீட்டில் மூன்றாவது பெண்ணோ நாலாவது பெண்ணோதான். அவளுடைய எழிலிக்கு அப்புறம் அந்தக் குப்பத்தில் யாருக்கும் வேண்டா என்றோ போதும்பொண்ணு என்றோ பெயர் வைக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் தெருக்கோடி வீட்டுத் தனம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது நாலாவது பெண். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"எம்புள்ளைக்கும் அந்தப் பேரையே வச்சிடறேன்க்கா. எங்க வூட்டுல அர்த்தம் கேக்கறாங்க. என்னான்னு சொல்ல?"

மேகம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். தனத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"வேணும்னு அர்த்தம்" என்றாள் வேண்டா.