ஏழாவது வரி

மரணப் பதிவுப் படிவத்தில் பென்சிலால் ஆறு வரிகளை நிரப்பிவிட்டு ஏழாவதில் மகள் நின்றுவிட்டாள். பெயர், வயது, தொழில், முகவரி, இறந்த நேரம், காரணம். ஏழாவது, குடியுரிமை.

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அவருடைய சிநேகிதர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"அசையாம இருக்கியேடா. உசிரோட இருந்தப்ப ஒரு நாளாவது இப்படி இருந்திருக்கியா?"

அண்ணன் படிவத்தை எட்டிப் பார்த்தான். "இல்லைன்னு எழுது. மூணு மணிக்கு ஆபீசைச் சாத்திடுவாங்க. சீட்டு இல்லாம இன்னிக்கு அடக்கம் பண்ண விட மாட்டாங்க."

"இங்கதானே பொறந்தாரு."

"பொறந்தாரு. பறிச்சுட்டாங்க. என்னமோ புதுசா கேக்கற?"

நாற்பது வருடங்களுக்கு முன் மில் வாசலில் நடந்த கல்லெறியில் அப்பாவும் சிநேகிதரும் சேர்ந்தே பிடிபட்டார்கள். ஒரே வழக்கு, ஒரே கொட்டடி, ஒரே பதினான்கு மாதம். விடுதலையானபோது சிநேகிதரிடம் மட்டும் குடியுரிமை அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் மண்ணின் இனம். கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சத்துக்கு ஓராண்டுக்கு மேல் தண்டனை என்றால் நாடு போய்விடும். சட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. தேர்தல்தோறும் அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு சிநேகிதரோடு சாவடி வரை போவார். வெளியே காத்து நின்று, அவர் வந்ததும், "எவனுக்குடா போட்டே?" என்று வீடு வந்து சேரும்வரை சண்டை பிடிப்பார்.

அவள் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: பொய்த் தகவலுக்கு இரண்டாண்டு சிறை அல்லது அபராதம். இரண்டு முறை படித்தாள். சிறை யாருக்கு, அபராதம் யாருக்கு என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தன்னிடம் இருப்பது தைரியமா, வெறும் வீம்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பைத்தியமா உனக்கு?" என்றான் அண்ணன். "போனவருக்காக நீயும் நாடில்லாம நிக்கப் போறியா?"

சவரக் கத்தி நின்றது. "பேனாவை இப்படிக் குடும்மா."

"வேணாம் மாமா. கண்டுபிடிச்சா..."

"அபராதம் போடுவான். இந்த மூஞ்சிக்கு அதுக்கு மேல போட மாட்டான்." நுரைக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "நாப்பது வருஷமா இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்கப்பனுக்கு நான் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடல."

ஏழாவது வரியில் நாட்டின் பெயரைக் கோடு தாண்டிப் பெரிதாக எழுதினார். தகவல் தருபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

கேட்டால் சொல்வதற்கு, சிநேகிதரோடு நடந்த வழியெல்லாம் மூன்று பதில்களை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தாள். பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா முதலில் அவளைத்தான் பார்த்தான். "அட்டை எங்கே? சிறை ரெக்கார்டு ஏதாவது இருக்கா?"

"தகவல் குடுத்தது நான்," என்றார் சிநேகிதர்.

குமாஸ்தா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். "நீங்களா? உக்காருங்க ஐயா." இரண்டு முத்திரை விழுந்தது. படிவத்தை அவன் படிக்கவே இல்லை.

வாசற்படி இறங்கியதும் சிநேகிதர் சீட்டை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, மடித்து, பையில் வைத்து முடிக்கும்வரை அவர் அந்த முகத்தை அவளுக்குக் காட்டாமல் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.