இடது எண்பது

ஆபித் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று கலைவேந்தன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சோறு இறங்கியதும் மாடி அறை ஜன்னலைத் திறந்து ரோட்டைப் பார்ப்பான். பொங்கல் கழிந்ததிலிருந்து அந்த ரோட்டில் ஆபித்தின் ஸ்கூட்டர் வரவில்லை. போன் போட்டால் எடுப்பான்தான், ஆனால் போட வேண்டுமே! விளையாட்டில் கப்பலைக் கோட்டை விட்டவன் அவன், அவனே முதலில் பேசட்டும் என்று இருந்தான் இவன். மனுஷனுக்கு முதுகு விட்டுப்போனாலும் வீம்பு மட்டும் விட்டுப்போகாது, போங்கள்.

முதுகு நிஜமாகவே விட்டுத்தான் போயிருந்தது. கரும்பு வெட்டுக் காலம். ஏம்பலத்தில் ஏற்றிய லோடு ஆலை வாசலில் வரிசையில் நிற்கும். வரிசை இதோ நகரும் என்பார்கள், நகராது. டிராக்டர் சீட்டிலேயே தூக்கம், அங்கேயே பொட்டலச் சோறு, கழுத்தெல்லாம் கரும்புச் சோகை அறுத்த எரிச்சல். வாரத்தில் ஞாயிறு மதியம் ஒன்றுதான் அவனுடையது. அதையும் ஆபித் இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் மல்லாந்து கிடந்தான்.

ஆபித் யாரென்று சொல்ல வேண்டும். வில்லியனூர் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பாலிடெக்னிக்கில் இவனும் அவனும் ஒரே பெஞ்சு. அங்கே பிடித்த பைத்தியம்தான் இந்த நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு. கம்ப்யூட்டரில் விளையாடுவது. உலகப் போர்க் காலத்துக் கடல், நீங்கள் தண்ணீருக்கு அடியில், மேலே பகைக் கப்பல். டார்பிடோ என்கிற நீரடிக் குண்டை விட்டால் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது போய்ச் சேர நேரமாகும், அதற்குள் கப்பல் நகர்ந்துவிடும். கப்பல் இருக்கிற இடத்தைப் பார்த்து விட்டால் வெறும் தண்ணீரில்தான் போய் விழும். இருக்கப்போகிற இடத்தைப் பார்த்து விட வேண்டும்.

அதற்குத்தான் கணக்கு. கொடிமரம் இத்தனை உயரம் என்று தெரிந்தால், பெரிஸ்கோப்பில் அது எத்தனை கோடு உயரம் தெரிகிறது என்று பார்த்துத் தூரம் சொல்லலாம். பெரிஸ்கோப்பின் நடுவில் இருக்கும் கோட்டைக் கப்பலின் மூக்கு தொட்டதிலிருந்து வால் தாண்டும் வரை நேரம் பிடித்தால் வேகம் வந்துவிடும். கடைசியாகக் கோணம். கப்பலின் மூக்கிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி நாம் இருக்கிறோம், அதன் இடது பக்கமா வலது பக்கமா என்று சொல்ல வேண்டும். செட்டிங்கில் ஒரு டிக் அடித்தால் இது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். அந்த டிக்கை அடிக்கிறவனைக் கலைவேந்தன் மனுஷனாகவே மதிக்க மாட்டான்.

பாவம், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. டிப்ளமோவில் கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. படித்து முடித்து டிராக்டரில் ஏறி உட்கார்ந்த பிறகு அந்தக் கணக்கை எவனும் அவனிடம் கேட்கவில்லை. கேட்டது இந்த விளையாட்டு ஒன்றுதான்.

ஆகவே அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஆபித் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெரிஸ்கோப்பில் பார்த்துச் சொல்வான். கலைவேந்தன் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்காருவான். நிஜ நீர்மூழ்கியில் ஒருத்தன்தான் பார்ப்பான், கணக்குப் போடுகிறவன் பார்க்க மாட்டான் என்று அவனே போட்ட சட்டம். கையில் இரண்டு அட்டை வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றும்படி நடுவில் டிச் பட்டன் அடித்தது. டிகிரி எல்லாம் ஆபித்தின் பொடிக் கையெழுத்து. கலைவேந்தன் கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகையை வெட்டிச் செய்ததால், வட்டத்தைத் திருப்பினால் பின்பக்கம் தங்க எழுத்தில் மனைவி அர்ச்சனாவின் பெயர் பாதி தெரியும். வட்டத்தைச் சுற்றிப் பார்த்து அவன் எண்களைச் சொல்வான், ஆபித் மெஷினில் ஏற்றுவான். கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் இருப்பார்கள். டமார் என்று சத்தம் கேட்டதும், “அட்ச்சிருச்சுடா மச்சான்!” என்று ஆபித் கத்துவான். எத்தனையோ வருஷமாக இப்படித்தான்.

பொங்கலை ஒட்டிய அந்த ஞாயிறு மட்டும் சத்தம் கேட்கவில்லை. வாரக்கணக்கில் துரத்திய எண்ணெய்க் கப்பல் அது. விட்ட டார்பிடோ அத்தனையும் வீண். அதோடு காவல் கப்பல் வந்து இவர்களை அமுக்கிவிட்டது, மாதக்கணக்கில் சேர்த்த ஆட்டமும் போயிற்று. அன்றைக்கென்று ஆபித்தின் மனைவி அஃப்சானாவும் வந்திருந்தாள். அர்ச்சனாவும் அவளும் டீ டம்ளரோடு வாசற்படியில் நிற்க, அவர்கள் எதிரிலேயே கலைவேந்தன் வெடித்தான்.

“உனக்குக் கண்ணு இன்னா பொட்டையாடா? ஸ்க்ரூவப் பாத்துப் பாத்துக் கண்ணு அவிஞ்சு போச்சா? ஒரு கப்பல ஒழுங்காப் பாத்துச் சொல்லத் தெரியல, நீயெல்லாம் இன்னாத்துக்கு வர்ற?”

ஆபித் மவுஸை மெதுவாக வைத்தான். “வரேன்டா” என்றான். அஃப்சானா கொடுத்த டீயைக் குடிக்காமலே இறங்கிப் போனான். அவ்வளவுதான், அதன் பிறகு வரவில்லை.

இப்போது கட்டிலில் கிடந்த கலைவேந்தனை அர்ச்சனா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஞாயிறு ஒன்றுதான் லீவு. கரிக்கலாம்பாக்கத்தில் மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை, நின்று நின்று கால் வீங்கிக் கிடந்தது.

“எழுந்து வாங்க. ஆபித் அண்ணன் சீட்ல நான் உக்கார்றேன். இன்னா பண்ணணும்னு சொல்லுங்க. மூஞ்சிய இப்புடி வச்சிக்கினு எத்தன நாளுதான் கெடப்பீங்க?”

“உனுக்கு வராதுடி.”

“பாத்துச் சொல்றதுதானே? மாத்திரச் சீட்டுல டாக்டரு கிறுக்கறதையே படிக்கிறேன். கப்பலு தெரியாதா எனக்கு?”

உட்கார்ந்தாள். கொடிமரத்தை அளந்தாள், கோட்டில் மூக்கு தொட்டதும் “தொட்டாச்சு” என்றாள், வால் போனதும் “போச்சு” என்றாள். கலைவேந்தன் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வட்டத்தைச் சுற்றினான். நன்றாகத்தான் சொல்கிறாள் என்று உள்ளுக்குள் ஒத்துக்கொண்டான், வாயால் சொல்லவில்லை.

“எந்தப் பக்கமாப் போவுது?”

“வலது பக்கமா.”

“அப்ப இடது எண்பது போடு. வுடு.”

காத்திருந்தார்கள். சத்தமே இல்லை.

“நீ தப்பாப் பாத்திருப்ப.”

“நல்லாத்தான் பாத்தேன்.”

மறுபடியும் ஒரு கப்பல், மறுபடியும் ஒன்று. எல்லாம் வீண். கலைவேந்தனுக்கு வந்ததே கோபம்! தரையில் அட்டையை ஓங்கி அடித்தான். “ஆபித்துக்குக் கண்ணு அவிஞ்சுதுன்னா உனுக்குமா? வூட்ல ஒருத்தருக்கும் கப்பலப் பாக்கத் தெரியாதா?”

“இன்னா கத்தறீங்க? வந்து நீங்களே பாருங்க” என்றாள் அர்ச்சனா. “கப்பலு இந்தப் பக்கமா ஓடுது. நீங்க வுட்ட குண்டு அந்தப் பக்கமாப் போவுது. எனக்கு மொதல்லயே ஒரு மாரியாத்தான் இருந்துச்சு. அது வலது பக்கமாப் போவறப்ப நீங்க ஏன் இடதுன்றீங்க?”

“அது அப்புடித்தான். கப்பலு நமக்கு எதிரால வருது. எதிரால நிக்கறவனோட வலது நமக்கு இடது. திருப்பித்தான் போடணும். ட்ரெய்லர ரிவர்ஸ் எடுக்கச் சொல்ல, அது இடது பக்கம் போவணும்னா ஸ்டியரிங்க வலது பக்கம் ஒடிக்கிறேனா இல்லையா? அதேதான்.” இதை ஒரு பெருமையோடுதான் சொன்னான். நாள் முழுக்க எதிர்ப்பக்கம் ஒடித்து ஒடித்து ஊறிப்போன கை. உலகத்தில் எல்லாமே திருப்பிப் போட்டால்தான் சரியாகும் என்று பாலிடெக்னிக் நாளிலேயே நம்பியதை அந்தக் கை இன்னும் உறுதியாக்கியிருந்தது.

அர்ச்சனா எழுந்தாள். “இங்க பாருங்க. நான்தான் கப்பலு.” அவன் எதிரே, அவனுக்கு இடது கைப்பக்கச் சுவரிலிருந்து வலது கைப்பக்கச் சுவரைப் பார்த்து நடந்தாள், வீங்கிய காலை இழுத்துக்கொண்டு. பாதியில் நின்றாள். “உங்களுக்கு வலது பக்கமாப் போறேனா? இப்ப எந்தக் கை உங்க பக்கம் இருக்குது?”

கையை ஆட்டிக் காட்டினாள். வளையல் போட்ட கை. போன மாதம் குக்கர் ஆவி பட்ட தழும்பு இருக்கிற கை. அது வலது கைதான்.

கலைவேந்தன் பார்த்தான். “திரும்பி வா” என்றான். வந்தாள். இப்போது இடது கை அவன் பக்கம் இருந்தது. எத்தனை முறை நடக்கச் சொன்னாலும் அப்படித்தான் இருந்தது. போதும், கால் வலிக்குது என்று கட்டிலில் உட்கார்ந்தாள் அர்ச்சனா. உட்கார்ந்தவள் சும்மா இருந்தாளா?

“அப்ப ஆபித் அண்ணன் இருக்கறப்ப மட்டும் எப்புடி அட்ச்சுது?” என்று கேட்டாள்.

அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது. அட்டை வட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அர்ச்சனா டீ வேணுமா என்று கேட்டதும் அவன் காதில் விழவில்லை.

மறுநாள் ஆலையில் லோடை இறக்கிவிட்டு, ஏம்பலத்துக்குத் திரும்ப வேண்டிய டிராக்டரை வில்லியனூருக்கு விட்டான். பின்னால் காலி ட்ரெய்லர் தடதடவென்று வந்தது. கடைத்தெருவுக்குள் ட்ரெய்லரோடு நுழைகிற பைத்தியக்காரன் எவனும் கிடையாது. ஆட்டோக்காரன் திட்டினான், பூக்காரம்மா திட்டினாள். எதையும் காதில் வாங்காமல் கடைக்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்தினான்.

ஆபித் ஒரு போனைப் பிளந்து வைத்துக் குனிந்திருந்தான். நிமிர்ந்தவன் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. தூக்கம் கெட்ட கண்.

“வா” என்றான். ஸ்டூலைத் தள்ளினான்.

கலைவேந்தன் உட்காரவில்லை. “எத்தன வருஷமாடா மாத்திப் போட்ட?”

ஆபித் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். “யாரு சொன்னா?”

“அர்ச்சனா கண்டுபுட்ச்சா.”

“ஆரம்பத்துலருந்துதான். நீ இடதுன்னா நான் வலது போடுவேன், வலதுன்னா இடது.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன்டா. மொத மொத சொன்னேன். கணக்குல அரியர் வச்சவன் நீ எனக்குச் சொல்லித் தர்றியான்னு கத்துன, பாலிடெக்னிக்கு கேன்டீன்ல, எல்லாரும் பாக்க. சரி, இவங்கிட்ட வாயக் குடுக்கறதுக்கு மாத்திப் போட்டுட்டுப் போயிடலாம்னு வுட்டுட்டேன். அட்ச்சதும் உன் மூஞ்சி நல்லா இருக்கும். அதுக்குத்தான.”

கலைவேந்தன் ஸ்டூலில் உட்கார்ந்தான். “அப்ப அன்னிக்கு?”

“அன்னிக்குக் காலையிலதான் அம்மாவ ஆஸ்பத்திரியிலருந்து கூட்டியாந்தோம். வழுக்கி வுழுந்து இடுப்பு எலும்பு போயிடுச்சு. வாரம் பூரா தூங்கல. அஃப்சானாதான், கலை அண்ணன் வூட்டுக்குப் போயிட்டு வா, கொஞ்சம் மனசு ஆறும்னு இழுத்தாந்தா.” ஆபித் பிளந்த போனையே பார்த்துக்கொண்டு சொன்னான். “மாத்திப் போட மறந்துட்டேன்டா. நீ சொன்னத அப்புடியே போட்டுட்டேன்.”

தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் இவன் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறான். அதற்குத்தான் பெண்டாட்டி எதிரில் குருடன் என்று பட்டம் வாங்கியிருக்கிறான். அம்மா விழுந்தது கூடக் கலைவேந்தனுக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்! வந்தவனை எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல் எந்தப் பக்கமாகப் போகிறது என்று கேட்டவன் அவன்.

“தப்புப் பண்ணிட்டேன்டா” என்றான். “ஞாயித்துக்கெழம வாடா.”

ஆபித் தலையை ஆட்டினான். வருகிறேன் என்கிற ஆட்டல் இல்லை அது. “இனிமே மாத்திப் போட என்னால முடியாது கலை. அலுத்துப் போச்சு. தப்புன்னா தப்புன்னு சொல்லுவேன். சொன்னா நீ கத்துவ. அத்தக் கேக்கத் தெம்பு இல்ல.”

கத்த மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான் கலைவேந்தன். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாதா? சொல்லாமல் விட்டான்.

வெளியே ஹாரன் சத்தம் அதிகமாயிற்று. டிராக்டர் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது, ரெண்டு பக்கமும் வண்டி. திருப்ப இடம் இல்லை, பின்னாலேயே போய்த்தான் வெளியேற வேண்டும். ஆபித் பெருமூச்சு விட்டு எழுந்தான், “நட, பின்னால நான் பாக்கறேன்” என்றபடி கடையை விட்டு இறங்கினான்.

கலைவேந்தன் சீட்டில் ஏறினான். இது அவன் ராஜ்யம். இந்த ஜில்லாவில் அவன் மாதிரி ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிறவன் இல்லை என்று ஆலை வாட்ச்மேனே சொல்வான். ஸ்டியரிங்கை ஒடித்துக் கிளட்சை விட்டான். ட்ரெய்லர் நெளிந்து பின்னால் போனது.

“தப்புடா!”

ஆபித்தின் குரல். கலைவேந்தனுக்கு ஜிவ்வென்று ஏறியது. எனக்கா, ட்ரெய்லர் எடுக்க எனக்கா சொல்லித் தர்றான்? வாயைத் திறந்துகொண்டுதான் திரும்பினான். தெருவின் கோடியில் ஆபித் நின்றிருந்தான், கையைத் தூக்கியபடி. கத்துவான் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றிருந்தான், பாவி.

கலைவேந்தன் பிரேக்கை மிதித்தான். இன்ஜினை அணைத்தான். கீழே இறங்கிப் பின்னால் நடந்துபோய்க் குனிந்து பார்த்தான். ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, மூடி இல்லாத வாய்க்கால் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சீட்டிலிருந்து எந்த ஜென்மத்திலும் தெரியாது.

திரும்ப ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தான்.

“சொல்லுடா” என்றான். “எந்தப் பக்கம்?”